கள்ளப்பமும் 471ஆம் இலக்கமும்: கொழும்பில் ஹலால்

2013 மார்ச் 11ஆம் திகதி கொழும்பில் நடந்த ஊடகச் சந்திப்பு ஒன்றில் மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா தன் முடிவை அறிவித்தது. உள்ளூரில் விற்கும் பொருள்களில் இனி ஹலால் இலச்சினை இருக்காது. ஏற்றுமதிப் பொருள்களுக்கு மட்டும் சான்றிதழ் தொடரும், அதுவும் கட்டணமின்றி. இலங்கை வர்த்தக சம்மேளனம் இந்த இணக்கத்துக்குத் துணை நின்றது. ஹலால் இலச்சினைக்கு எதிராக நாட்டில் எழுந்திருந்த கொதிப்பு தணிந்தால் போதும் என்பதே அன்று பலரின் எண்ணமாக இருந்தது. ஆனால் அந்த முடிவு நடைமுறையில் என்ன சொன்னது என்று பாருங்கள். ஒரே ஆலையில், ஒரே மாவில், ஒரே அடுப்பில் வெந்த பிஸ்கட். துபாய்க்குப் போகும் பெட்டியில் முத்திரை இருக்கலாம், வெள்ளவத்தைக் கடைக்கு வரும் பெட்டியில் இருக்கக் கூடாது. அந்நியச் செலாவணி கொண்டுவரும் ஹலாலுக்குத் தடையில்லை. காலி வீதியில் சாமான் வாங்கும் பெண் கேட்கும் ஹலாலில்தான் பிரச்சினை.

அந்த நாள்களில் ஹலால் என்றால் இலச்சினை, கட்டணம், கம்பனி என்றே பேச்சு இருந்தது. எதை உண்ணலாம், எதை உண்ணக் கூடாது என்று மார்க்கம் சொல்வதை ஒருவரும் பேசவில்லை. அதைப் பேசினால் விவகாரத்தின் பாதி அவிழ்ந்துவிடும்.

இஸ்லாமியச் சட்டத்தில் உணவைப் பற்றிய அடிப்படை விதி தாராளமானது. விலக்கப்பட்டதாகச் சான்று இல்லாத எல்லாமே அனுமதிக்கப்பட்டவை. ஆகவே ஹலால் பட்டியல் என்று ஒன்றைப் போட முடியாது. போட முடிவது ஹராம் பட்டியல்தான், அதுவும் சிறியது. குர்ஆனில் நான்கு இடங்களில் (2:173, 5:3, 6:145, 16:115) அது திரும்பத் திரும்ப வருகிறது: செத்தது, ஓடும் இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவர் பெயரில் அறுக்கப்பட்டது. அல்-மாஇதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் ‘செத்தது’ என்பதை விரிக்கிறது: கழுத்து நெரிபட்டது, அடிபட்டது, உயரத்திலிருந்து விழுந்தது, முட்டுப்பட்டது, மிருகம் கடித்தது. அதே அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவை விலக்குகிறது. நபிமொழி வழியாகக் கோரைப் பல்லால் வேட்டையாடும் விலங்குகளும் கூர்நகத்தால் பற்றும் பறவைகளும் சேர்கின்றன. பசியால் உயிர் போகும் நிலையில் உள்ளவருக்கு இந்தத் தடைகளும் தளர்கின்றன. அடிப்படை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் சட்ட அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்காக விவாதித்துச் சேர்த்த விளக்கம்.

அந்த விளக்கத்தில் மத்ஹபுக்கு மத்ஹப், அதாவது சட்டப் பள்ளிக்குப் பள்ளி, வேறுபாடு உண்டு. இலங்கைச் சோனகரும் மலாயரும் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபினர். குஜராத் பக்கத்திலிருந்து வந்த மேமன்கள் ஹனபி. கொழும்பில் இரு சாராரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறார்கள், ஆனால் ஒரே மீன்களை அல்ல. ஷாபிஈ சட்டத்தில் கடலில் மட்டும் வாழும் எல்லாம் உண்ணத் தக்கவை. ஹனபி சட்டத்தில் மீன் மட்டுமே. கணவாய் அங்கே அனுமதி இல்லை. இறால் மீன் வகையில் சேருமா என்பதிலேயே அவர்களின் உலமாக்கள் இரண்டு பட்டிருக்கிறார்கள். நண்டு இன்னும் சிக்கல்: தரையிலும் தண்ணீரிலும் வாழ்கிறதே என்று ஷாபிஈகளுக்குள்ளேயே அதை விலக்கியவர்களும் அனுமதித்தவர்களும் உண்டு. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று ஒடியல் கூழுக்கு நண்டு வாங்கும் அதே இடத்தில், பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் நண்டைத் தொடாமல் பாரையை வாங்கிப் போவாள். அதற்குக் காரணம் கேட்டால் “எங்கட வாப்பா சாப்பிட மாட்டார்” என்பாள். வாப்பாவின் பழக்கத்துக்குப் பின்னால் எண்ணூறு வருட விவாதம் இருக்கிறது.

இந்த விவாதங்களைத் தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898). இலங்கையில் ஊர் ஊராகச் சென்றவர். அவருடைய ‘பத்ஹுத் தய்யான்’ என்ற ஷாபிஈ சட்ட நூல் அறபுத்தமிழில் எழுதப்பட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1963இல் கொழும்பில் வெளியானது. அறபு எழுத்துத் தெரிந்து தமிழ் பேசுபவர் யாராயினும் வாசிக்கலாம் என்பதால், மத்ரசா வாசலை மிதிக்காதவர்களுக்கும் சட்டம் எட்டியது. ஹலால் பற்றிய அறிவு அப்போது ஒரு நிறுவனத்திடம் இருக்கவில்லை, வீட்டுக்குள் இருந்தது.

அறுப்புச் சட்டத்துக்கு வருவோம். மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுதாக அறுபட வேண்டும் என்பது ஷாபிஈகளின் நிபந்தனை. கழுத்தின் இரு பெரிய இரத்த நாளங்களையும் சேர்த்து அறுப்பது சிறப்பு. ‘பிஸ்மில்லாஹ்’ சொல்வது ஷாபிஈகளிடம் சுன்னத், கட்டாயமல்ல. ஹனபிகளிடமோ வேண்டுமென்றே விட்டால் இறைச்சி ஹராம். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், பிராணியின் கண்முன்னே தீட்டக் கூடாது, ஒன்றின் முன் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்ற ஒழுங்குகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. கொழும்பின் கோழிக்கடைகளில் இந்த ஒழுங்குகள் எல்லாம் பேணப்படுகின்றனவா என்று கேட்டால் நல்ல பதில் கிடைக்காது. ஹலால் என்றதும் கழுத்தோடு நின்றுவிடுகிறோம். கூட்டுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் கோழியைப் பற்றி ஒருவரும் பத்வா கேட்பதில்லை.

அறுப்பவர் யார் என்பதும் ஒரு நிபந்தனை. வேதம் அருளப்பட்டவர்களின், அதாவது யூதர், கிறிஸ்தவர்களின் உணவு அனுமதிக்கப்பட்டது என்கிறது குர்ஆன் (5:5). அப்படியானால் கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கர் அறுத்த ஆட்டை முஸ்லிம் வாங்கலாமா? நடைமுறையில் வாங்குவதில்லை. அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. ஷாபிஈ நூல்கள் இந்தச் சலுகைக்கு ஒரு வம்சாவளி நிபந்தனை போடுகின்றன: முன்னோர் இஸ்லாம் வருவதற்கு முன்பே அந்த வேதத்தைச் சேர்ந்திருக்க வேண்டும். போர்த்துக்கேயர் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில் ஞானஸ்நானம் பெற்ற இலங்கைக் குடும்பங்கள் அந்த வரம்புக்குள் வரமாட்டா. புனித லூசியா பேராலயத்துக்கு எதிரே நின்று இதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. ஆனால் அந்த வட்டாரத்து உறவுகளில் யார் யாருக்கு எதைச் சமைத்துக் கொடுக்கலாம் என்ற வழக்கத்தை இப்படியான வரிகள்தாம் சத்தமில்லாமல் வகுத்தன.

கறாராகத் தெரியும் இந்தச் சட்டத்தின் மறுபக்கமும் உண்டு. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் கொண்டுவரும் இறைச்சியில் இறைபெயர் சொல்லப்பட்டதா என்று தெரியவில்லையே என்று நபிகளாரிடம் கேட்கப்பட்டது. நீங்கள் பெயர் சொல்லி உண்ணுங்கள் என்பதே விடை என ஆயிஷா நாயகி வழியாகப் புகாரியில் பதிவாகியிருக்கிறது. கொண்டுவந்தவரின் சொல்லை நம்பு, துருவாதே என்பதே இதிலிருந்து சட்ட அறிஞர்கள் எடுத்த பாடம். இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) தம் ‘இஹ்யா’வில் ஹலால்–ஹராமுக்கென ஒரு தனி நூற்பகுதியே எழுதியவர். பேணுதலைப் பல படிகளாக வகுத்த அவரே, விருந்துக்கு அழைத்தவரிடம் இந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவரைப் புண்படுத்தும் என்கிறார். மனம் ஒப்பவில்லையென்றால் நயமாக ஒதுங்கு, விசாரணை நடத்தாதே என்பது அவர் வழி. சந்தேகமானதை விட்டுவிடு என்ற நபிமொழியும் நமக்குத் தெரியும். ஆக இரண்டு கட்டளைகள்: சந்தேகத்தை விடு, மனிதரைச் சந்தேகிக்காதே. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிப்பதுதான் கடினம். கொழும்பின் கதை முழுதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

அப்பத்தை எடுத்துக்கொள்வோம். இந்தத் தீவில் அப்பமா புளிக்கப் பழைய முறை தென்னங்கள்ளு விடுவது. இரவில் விட்டால் விடியப் பொங்கியிருக்கும். கள் மது. அதிகம் குடித்தால் வெறி தருவது எதுவோ, அதில் ஒரு சொட்டும் ஆகாது என்பது நபிமொழி. நெருப்பில் வெந்து சாராயச் சத்து ஆவியாகிவிடுமே என்ற வாதம் ஷாபிஈகளிடம் எடுபடாது. அவர்களுக்கு மது அசுத்தமும் கூட, பட்டதெல்லாம் அசுத்தம். ஆகவே முஸ்லிம் வீடுகளில் கள் போடாமல்தான் மாவைப் புளிக்க வைத்தார்கள். ஈஸ்ட் வந்து பிரச்சினையைத் தீர்த்து வைத்தது. இன்றைக்குக் கொழும்பின் இராச்சாப்பாட்டுக் கடைகளில் பெரும்பாலும் ஈஸ்ட்தான். ஆனாலும் தெரியாத கடையில் “கள்ளு போடுறதா நானா?” என்று கேட்டுவிட்டே முட்டையப்பம் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

அதே கள் இன்னும் கொஞ்ச நாள் பீப்பாயில் கிடந்தால் வினாகிரி ஆகிவிடும். அச்சாறுக்கு உயிரே அந்தத் தென்னங்கள் வினாகிரிதான். மலாய் அச்சாறு முஸ்லிம் கலியாண வீட்டில் கூடி உண்ணும் சஹன் தட்டில் தவறாமல் இருக்கும். நேற்று ஹராமாக இருந்தது இன்று ஹலாலாகி, சுத்தமும் ஆகிவிடுகிறது! மது தானாகவே புளித்து வினாகிரியானால் தூய்மையாகும் என்பதில் மத்ஹபுகளுக்குள் தகராறு இல்லை. ஏதாவது போட்டு அவசரப்படுத்தினால் ஆகாது என்கிறார்கள் ஷாபிஈகள். அதுவும் ஆகும் என்கிறார்கள் ஹனபிகள். பொருள் ஒன்று இன்னொன்றாக மாறிவிட்டால் பழைய சட்டம் அதைத் தொடருமா என்ற இந்தக் கேள்விக்குச் சட்ட நூல்களில் இஸ்திஹாலா என்று பெயர். ஷாபிஈகள் இதை மிகக் குறைவாகவே ஏற்கிறார்கள்: தானாக வினாகிரியாகும் மது, பதனிடப்படும் தோல் போன்ற சிலவற்றுக்கு மட்டும். நாயும் பன்றியும் அதிலும் விலக்கு. ஹனபிகளும் மாலிக்கிகளும் கதவைக் கூடுதலாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். அச்சாறுச் சாடிக்குள் கிடக்கும் இந்தப் பழைய வேறுபாடு இருபதாம் நூற்றாண்டில் பிஸ்கட் பொதிக்குள் வந்து உட்கார்ந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் அயலவரின் தட்டு. கொட்டாஞ்சேனையில் நடை தூரத்துக்குள் பொன்னம்பலவாணேசர் கோயில், புனித லூசியா, தீபதுத்தாராம விகாரை, வாழைத்தோட்டத்துப் பள்ளிவாசல்கள் எல்லாம் இருக்கின்றன. நோன்பு காலத்தில் கஞ்சியும் பெருநாளுக்கு வட்டிலப்பமும் ஒரு பக்கம் போகும். தீபாவளிக்குப் பலகாரமும் நத்தாருக்குக் கேக்கும் மறுபக்கம் வரும். நத்தார் ரிச் கேக்கில் பிராந்தி ஊற்றும் வழக்கம் இருப்பதால், முஸ்லிம் வீட்டுக்கென்று பிராந்தி போடாமல் ஒரு தட்டுச் செய்யும் கத்தோலிக்கப் பெண்கள் உண்டு. சைவ வீடுகளில், படைக்க முன்னமே எடுத்து வைத்த பலகாரத்தை “இது படைக்காதது, மகள்” என்று சொல்லிக் கொடுப்பார்கள். அல்லாஹ் அல்லாதவர் பெயரில் அறுக்கப்பட்டது பற்றிய வசனம் அடிப்படையில் அறுப்பைப் பற்றியது. முறுக்குக்கும் பொங்கலுக்கும் அது பொருந்துமா என்பதில் பேச இடமிருக்கிறது. சைவப் பெண் அதை விவாதிக்கவில்லை. பக்கத்து வீட்டாரின் மனச் சங்கடத்தை அறிந்து நடந்துகொண்டாள். எந்தச் சான்றிதழையும் விட நம்பத் தகுந்த சாட்சி அது.

அதே வசனம் முஸ்லிம்களுக்குள்ளும் சண்டை மூட்டியிருக்கிறது. கொழும்பு நகர மண்டபத்துக்கு அருகிலுள்ள தெவட்டகஹ பள்ளிவாசலில் அவ்லியாவின் (இறைநேசரின்) பெயரால் கந்தூரி என்னும் நேர்ச்சை விருந்து கொடுப்பார்கள். தவ்ஹீத் வழி வந்தவர்கள் அந்த நேர்ச்சைச் சோற்றை ஹராம் என்றார்கள். அறுத்தது அல்லாஹ்வின் பெயரில், நன்மையைத்தான் அவ்லியாவுக்குச் சேர்க்கிறோம் என்றார்கள் மற்றவர்கள். ஒரே சட்டி, ஒரே ஆடு, ஒரே கத்தி. ஹலால் சட்டம் முஸ்லிம்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது என்று எழுதுபவர்கள் இந்தப் பிரிவுகளைப் பார்ப்பதே இல்லை.

கேட்டுவிட்டுச் சாப்பிடுவது முஸ்லிம்களின் தனிக் குணமும் அல்ல. வெள்ளவத்தையில் வெள்ளிக்கிழமை மரக்கறி உண்ணும் சைவக் குடும்பத்துப் பெண், பேக்கரியில் சம்பல் பணிஸைக் கையில் எடுத்து, “தம்பி, மாசி போட்டதோ?” என்று கேட்காமல் வாங்க மாட்டாள். இலங்கைச் சம்பலில் மாசிக் கருவாடு இல்லாமல் இருப்பது அபூர்வம். காலி வீதியிலும் இராமகிருஷ்ண வீதியிலும் சைவச் சாப்பாட்டுக் கடைகள் நிலைத்ததற்குக் காரணமே இந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையில்லாத இடம் வேண்டும் என்பதுதான். ‘முஸ்லிம் ஹோட்டல்’ என்ற பழைய பெயர்ப்பலகையின் வேலையும் அதுதான். யார் நடத்துகிறார் என்று தெரிந்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துவிடும். பலகை போதும், முத்திரை தேவைப்படவில்லை.

அந்த ஏற்பாட்டை உடைத்தது பொதி. கடையில் ஒரு பிஸ்கட் பொதியைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசியுங்கள். கோதுமை மா, சீனி, தாவரக் கொழுப்பு, பிறகு குழம்பாக்கி 471. மாவில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் கொழுப்புப் பொருள் அது. பெரும்பாலும் பாம் எண்ணெயிலிருந்தோ சோயாவிலிருந்தோ எடுக்கிறார்கள். மாட்டுக் கொழுப்பிலிருந்தும் பன்றிக் கொழுப்பிலிருந்தும் எடுக்க முடியும். எண் ஒன்றுதான். கொழுப்பின் மூலம் என்ன என்று எண் சொல்லாது. ஜெலட்டின் இன்னொன்று. தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கும் புரதம். ஜெல்லியில், மார்ஷ்மெலோவில், மருந்துக் குளிகையின் கோதில் எல்லாம் இருக்கிறது. பன்றித் தோல் அதற்குப் பெரிய மூலப்பொருள். 120 என்ற சிவப்பு நிறம் ஒருவகைப் பூச்சியிலிருந்து வருவது. தோல் ஜெலட்டினாகும்போது வேறு பொருளாகிவிடுகிறதா? கள் வினாகிரியாவது போலத்தான் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. ஷாபிஈ சட்டத்தில் அந்தக் கதவு அடைத்திருக்கிறது என்று மேலே பார்த்தோம். ஆகவே இலங்கை முஸ்லிமுக்கு இந்த எண்கள் வேறு சில நாட்டு முஸ்லிம்களைவிடக் கூடுதலான தலைவலி.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்தோனேசியா காட்டியது. 2000ஆம் ஆண்டின் கடைசியில் அந்நாட்டு உலமா சபை அஜினோமோட்டோ சுவையூட்டியை ஹராம் என்று அறிவித்தது. தூளில் பன்றி இல்லை. தூளைச் சுரக்கும் பக்டீரியாவை வளர்க்கக் கொடுத்த தீனியை, பன்றியிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு தயாரித்திருந்தார்கள். ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித், தாமே ஒரு பெரிய ஆலிம் பரம்பரையில் வந்தவர், இறுதிப் பொருளில் பன்றியின் கூறு இல்லை, ஹலால்தான் என்றார். உலமா சபை விட்டுக் கொடுக்கவில்லை. 2001 ஜனவரியில் கடைகளிலிருந்து பொருள் திரும்பப் பெறப்பட்டது. ஜனாதிபதியின் வாதத்தில் பழைய ஹனபிக் குரல் கேட்கிறது. சபையின் வாதத்தில் ஷாபிஈக் குரல். அதை விடவும் முக்கியம், இருவரில் எவரும் அந்தத் தொட்டியைக் கண்ணால் கண்டு பேசவில்லை. ஆய்வுகூட அறிக்கைதான் பேசியது. உண்பவருக்கும் உணவுக்கும் நடுவில் இத்தனை படிகள் வந்த பிறகு, “நானா, ஹலால்தானே?” என்ற கேள்விக்குக் கடைக்காரர் எப்படிப் பதில் சொல்வார்? அவருக்கே தெரியாது.

சான்றிதழ் பிறந்தது இந்த இடைவெளியில்தான். மலேசிய அரசு 1974இல் ஹலால் சான்று கொடுக்கத் தொடங்கியது. இந்தோனேசியாவில் 1988இல் உணவுப் பொருள்களில் பன்றிக் கொழுப்பு என்ற செய்தி பீதியைக் கிளப்ப, அடுத்த ஆண்டு உலமா சபை தனிப் பரிசோதனை அமைப்பை நிறுவியது. உலக நாடுகளின் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு 1997இல் ஹலால் என்ற சொல்லைப் பொதியில் பயன்படுத்துவதற்கு வழிகாட்டி வெளியிட்டது. இலங்கையில் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது ஜம்இய்யத்துல் உலமா. 1924இல் தொடங்கி, 2000ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட சபை அது. 2012 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் 9.7 வீதம் முஸ்லிம்கள். அந்தச் சிறிய சந்தைக்காக இரண்டு வகை உற்பத்தி நடத்துவதைவிட எல்லாவற்றையும் ஹலாலாகச் செய்துவிடுவது கம்பனிகளுக்கு இலாபமாக இருந்தது. ஆகவே இலச்சினை எங்கும் பரவியது.

2012இல் உருவான பொதுபல சேனா என்ற கடும்போக்குச் சிங்கள பௌத்த அமைப்புக்கு இது நல்ல பிடி. 2013 பெப்ரவரி 17ஆம் திகதி மஹரகமவில் கூட்டம் கூட்டி, ஹலால் சான்று ஒழிய வேண்டும் என்று பத்து அம்சப் பிரகடனம் வெளியிட்டார்கள், காலக்கெடுவும் வைத்தார்கள். பௌத்தர் வாங்கும் பிஸ்கட்டில் முஸ்லிம் வரி என்பது அவர்களின் சுலோகம். வரி அல்ல அது. கம்பனி தன் வியாபாரத்துக்காகக் கொடுக்கும் கட்டணம். தரச் சான்றிதழுக்கும் ஏற்றுமதிச் சான்றிதழுக்கும் அதே கம்பனி கட்டணம் கொடுக்கிறது. அதை ஒருவரும் வரி என்பதில்லை. ஆனால் உலமா சபை தரப்பிலும் ஒரு பிழை இருந்ததாகவே நினைக்கிறேன். மார்க்கத் தீர்ப்புக் கொடுக்கும் சபையே ஆலைக்குள் போய்ப் பரிசோதித்து, கட்டணமும் வாங்கினால், நீதிபதியும் கணக்காளரும் ஒருவரே ஆகிவிடுகிறார். மூலப்பொருளில் ஐயத்துக்கே இடமில்லாத பொருள்களிலும் இலச்சினை ஏறும்போது இன்னொரு தீங்கும் நடக்கிறது: முத்திரை இல்லாதது ஹராமாக இருக்குமோ என்ற பயம் வளர்கிறது. விலக்கியதற்குத்தான் சான்று வேண்டும் என்ற அடிப்படை விதி தலைகீழாகிவிடுகிறது. பிறகு சான்று கொடுக்கும் பொறுப்பு, 2014 தொடக்கத்திலிருந்து, ஹலால் அக்ரெடிடேஷன் கவுன்சில் என்ற தனி நிறுவனத்துக்குக் கைமாறியது. செய்திருக்க வேண்டிய மாற்றம்தான். அடி விழுந்த பிறகு செய்ததால் பணிந்துபோனதாகத் தெரிந்தது.

இலச்சினையை விட்டுக்கொடுத்தது கொதிப்பைத் தணித்ததா? அறிவிப்பு வந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. மார்ச் 28 இரவு, வெள்ளவத்தைக்குக் கிட்டத்தில் பெப்பிலியானவில், முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான துணிக்கடையின் களஞ்சியம் தாக்கப்பட்டது. துணியில் ஹலால், ஹராம் எங்கே வந்தது?

ஐந்து வருடம் கழித்து ஐயம் எதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பியது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில், மாட்டிறைச்சிக் கறியில் கிடந்த மாக்கட்டியைக் காட்டி, இது மலட்டு மாத்திரையா என்று வாடிக்கையாளர்கள் அதட்டினார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத காசாளர் தலையாட்டியது கைப்பேசியில் பதிவாகிப் பரவியது. கடையும் பள்ளிவாசலும் அடித்து நொறுக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை அது மாவுப்பொருள்தான் என்றது. அறிக்கை வருவதற்குள், கண்டிக்கு அருகே திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான மார்ச் மாத வன்முறையும் வெடித்துவிட்டது. முஸ்லிம் கேட்டால் அது மதவாதம், பெரும்பான்மை கேட்டால் அது விழிப்புணர்வு என்று அந்நாள்களில் எழுதியவர்கள், இரண்டு பக்கமும் கேட்டது ஒரே கேள்வி என்பதைக் கவனிக்கவில்லை: என் தட்டில் என்ன இருக்கிறது? வேறுபாடு, ஒரு பக்கம் கேட்டது முத்திரையை, மறுபக்கம் எடுத்தது பொல்லை.

மாட்டிறைச்சி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், சுருக்கமாக. 2013 மே 24, வெசாக் நாளில், மாடறுப்பை எதிர்த்துக் கண்டியில் ஒரு பிக்கு தீக்குளித்து மறுநாள் இறந்தார். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது. 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க இறைச்சிக்கடைச் சட்டத்தைத் திருத்தவும் 2021இல் அனுமதி வந்தது. சட்டமாகவில்லை. இறக்குமதி மாட்டிறைச்சிக்கு மட்டும் அந்த யோசனையில் இடம் இருந்தது. பசுவைப் போற்றும் சைவர்களிலும் இதை வரவேற்றவர்கள் உண்டு. முஸ்லிம்கள் நினைவில் வைக்க வேண்டியது, ஹலால் என்பது அனுமதி, கட்டளை அல்ல. மாட்டிறைச்சி உண்ணாததால் எவருடைய ஈமானும் குறைவதில்லை. அயலவரின் மனம் நோகாதபடி கடை முகப்பில் தொங்கவிடாமல் விற்பது நல்ல பழக்கம். போயா நாளில் இறைச்சிக் கடைகள் மூடுவதை இந்த நாட்டு முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக ஏற்று நடந்திருக்கிறார்கள். ஆனால் தானே ஒதுங்குவது வேறு, ஒதுக்கப்படுவது வேறு.

கொழும்பில் நடந்தது கொழும்போடு நிற்கவில்லை. 2023 நவம்பர் 18ஆம் திகதி இந்தியாவின் உத்தரப் பிரதேச அரசு, ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருள்களின் உற்பத்தியையும் விற்பனையையும் தடைசெய்தது. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. பத்து வருட இடைவெளியில், இரண்டு நாடுகளில், ஒரே வாய்பாடு. துறைமுகம் தாண்டினால் தரம், ஊருக்குள் இருந்தால் பிளவு. இப்படியான தடை எந்த நுகர்வோரையும் காப்பதில்லை. பொதியை வாசித்துத் தெரிந்துகொள்ளும் ஒருவரின் வழியை மட்டும் அடைக்கிறது.

இலச்சினை வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டைக்குள் மறுபடி போவதில் பயனில்லை. அதை விரும்பும் கம்பனி போடட்டும், விரும்பாதது விடட்டும். நாம் கேட்க வேண்டியது வேறு. இந்தியாவில் 2001இல் வந்த விதிப்படி, பொதியில் அடைத்த உணவு மரக்கறியா அசைவமா என்று நிறக் குறி கட்டாயம். பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் அவற்றின் பெயரைச் சொல்லியே குறிக்க வேண்டும் என்கிறது கோடெக்ஸ் தரம். இலங்கையிலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வரும் ஒழுங்குவிதிகளில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். 471, ஜெலட்டின், 120 போன்ற ஒவ்வொன்றின் பக்கத்திலும் தாவரம், மாடு, பன்றி, மீன், பூச்சி என்று மூலத்தை மூன்று மொழிகளிலும் அச்சிடும்படி கட்டாயமாக்க வேண்டும். இதில் மதச் சபை எதுவும் வேண்டாம், கட்டணம் வேண்டாம், இலச்சினை வேண்டாம். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் வெள்ளவத்தைச் சைவருக்கும், மாமிசம் உண்ணாத பௌத்தருக்கும், ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய்க்கும், முஸ்லிமுக்கும் அந்த ஒரு வரி ஒருசேர உதவும். ஜம்இய்யத்துல் உலமாவும் இந்து மாமன்றமும் மகா சங்கமும் ஒரே மனுவில் கையெழுத்திட்டுச் சுகாதார அமைச்சுக்கு அனுப்பக்கூடிய கோரிக்கை இது. அனுப்புங்கள்.